முதல் கேம்பிங்கா? பகலை விடுங்கள், இரவைத் திட்டமிடுங்கள்

கேள்வி: "நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். நண்பர் குடும்பமும் நாங்களும் சேர்ந்து ஜூன் மாதம் ஒரு ஸ்டேட் பார்க்கில் இரண்டு இரவு கேம்பிங் போக நினைக்கிறோம். பெரியவர்கள் ஐந்து பேர், குழந்தைகள் நான்கு பேர், 5 முதல் 10 வயது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரும் வருகிறார். அவருக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. எங்களில் யாருமே இதுவரை டென்ட்டில் படுத்ததில்லை. இப்போது மார்ச் மாதம். எங்கே போவது, என்ன வாங்குவது, எதிலிருந்து தொடங்குவது?"

பதினோரு வருடமாகக் குடும்பத்தோடு கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க்குகளில் டென்ட் போட்டுத் தங்கி வருகிறேன். முதல் இரண்டு மூன்று பயணங்களில் நாங்கள் செய்த தவறுகளை நீங்களும் செய்யக் கூடாது என்பதற்காகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதல் முறை போகிறவர்கள் பகலைத்தான் திட்டமிடுவார்கள். எந்த அருவி, எந்த ட்ரெயில், எந்தக் கடற்கரை என்று பட்டியல் போடுவார்கள். பகல் தானாக நடந்துவிடும். நான்கு குழந்தைகளை ஓர் ஓடைக்கரையில் விட்டால் மதியம் போனதே தெரியாது. கேம்பிங் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் மாலை ஆறு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் நடுவில்தான். குளிர், இருட்டு, பாத்ரூம் எத்தனை அடி தூரம், சாப்பாட்டை எங்கே பூட்டி வைத்தோம், தரையிலிருந்து ஏறுகிற ஈரம், பாதி ராத்திரியில் அழுகிற ஐந்து வயதுக் குழந்தை. நீங்கள் இடம் தேர்ந்தெடுப்பது முதல் பொருள் வாங்குவது வரை எல்லாவற்றையும் அந்தப் பதினான்கு மணி நேரத்தை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

முன்பதிவிலிருந்து தொடங்குவோம். இங்கே பலருக்குக் குழப்பம் வருகிறது. யோசெமிட்டி நேஷனல் பார்க், அதன் முன்பதிவு மத்திய அரசின் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில். ஸ்டேட் பார்க்குகளுக்கு ரிசர்வ் கலிஃபோர்னியா என்ற தனித் தளம். கவுன்ட்டி பார்க்குகளுக்கு அந்தந்த கவுன்ட்டியின் தளம். (யோசெமிட்டி பள்ளத்தாக்கே ஒரு காலத்தில் கலிஃபோர்னியா மாநிலத்தின் கையில்தான் இருந்தது. 1864-ல் லிங்கன் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 1906-ல் மத்திய அரசிடம் திரும்பிப் போனது.) ரிசர்வ் கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு நாளும் காலை 8 மணிக்கு, ஆறு மாதம் கழித்து வரும் தேதி திறக்கும். ஜூலை 17 இரவு தங்க வேண்டுமென்றால் ஜனவரி 17 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். பேர் பெற்ற இடங்களில் கோடைக்கால வெள்ளி, சனி இரவுகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே லாகின் செய்து, எந்த எண்ணுள்ள சைட் (டென்ட் போட ஒதுக்கித் தரும் இடம்) வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும்.

அப்படியென்றால் உங்கள் ஜூன் என்ன ஆகும்? ஜூன் மாத வார இறுதிகள் டிசம்பரிலேயே திறந்து போய்விட்டன. மனம் தளர வேண்டாம். என் யோசனை, ஜூன் நடுவில் பள்ளி முடிந்ததும் ஒரு ஞாயிறு, திங்கள் இரவுகளை எடுங்கள். இரண்டு நாள் லீவு போட வேண்டியிருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நண்பகலோடு கேம்ப்கிரவுண்ட் காலியாகிவிடும். நீங்கள் உள்ளே போகும்போது எல்லோரும் வெளியே வந்துகொண்டிருப்பார்கள். பாத்ரூமில் வரிசை இருக்காது, பக்கத்து சைட்டில் பாட்டுச் சத்தம் இருக்காது. முதல் முறை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல நாள் இல்லை. சைட்டுகள் எல்லாம் போய்விட்டதாகக் காட்டினாலும் விடாதீர்கள். பயணம் நெருங்க நெருங்க ரத்தாகும் இடங்கள் திரும்ப வரும். தளத்திலேயே அறிவிப்புக்குப் பதிந்துகொள்ளலாம். நான் அதோடு காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை நானே தளத்தைத் திறந்தும் பார்ப்பேன். அதுவும் கைகூடவில்லை என்றால் செப்டம்பர். இப்போது மார்ச் என்பதால் செப்டம்பர் தேதிகள் தினமும் திறந்துகொண்டிருக்கின்றன. உண்மையில் கடலோரத்துக்குச் செப்டம்பர்தான் அருமையான மாதம். ஜூனில் பகல் பதினோரு மணி வரை மூடுபனி விலகாமல் கிடக்கும் கரைகளில் செப்டம்பரில் பளிச்சென்று வெயில் அடிக்கும். ஒரே கவலை காட்டுத்தீ.

இன்னொரு விஷயம், நீங்கள் ஒன்பது பேர். ஸ்டேட் பார்க்கில் சாதாரணமாக ஒரு சைட்டுக்கு எட்டுப் பேர்தான். கைக்குழந்தையானாலும் ஒரு தலைதான். ஆகவே உங்களுக்கு இரண்டு சைட் வேண்டும். அதில் நல்லதும் உண்டு. இரண்டு மேஜை, இரண்டு நெருப்பு வளையம், இரண்டு உணவுப்பெட்டி கிடைக்கும். ஒன்றில் சமையலும் சாப்பாடும், இன்னொன்றில் டென்ட்டுகள் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு சைட்டுக்கு ஓர் இரவுக்கு 35 டாலர் அளவில் ஆகும், சில இடங்களில் கூடுதல். இரண்டாவது காருக்குத் தனிக் கட்டணம். கடைசி நாட்களில் ரத்து செய்தால் பணம் பிடித்துக்கொள்வார்கள், அந்த விதியைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.

சரி, எங்கே போவது? உங்கள் குழுவுக்கு நான் கை காட்டுவது சான்டா குரூஸ் மலையில் ஃபெல்டன் ஊரை ஒட்டிய ஹென்றி கோவல் ரெட்வுட்ஸ். ஃப்ரீமான்ட்டிலிருந்து கூட்டமில்லாத நேரத்தில் ஒரு மணி நேரம் சுமார். எதையாவது மறந்துவிட்டால் கால் மணி நேரத்தில் கடை, ஏதாவது ஆகிவிட்டால் சான்டா குரூஸில் ஆஸ்பத்திரி. முதல் பயணத்தில் இந்த இரண்டும் பெரிய நிம்மதி. பாத்ரூமில் ஃப்ளஷ் உண்டு, காசு போட்டால் வெந்நீர் வரும் ஷவரும் உண்டு.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். கேம்ப்கிரவுண்டும் பெரிய ரெட்வுட் தோப்பும் ஒரே இடத்தில் இல்லை. கேம்ப்கிரவுண்டின் வாசல் கிரஹாம் ஹில் ரோட்டில், தோப்பின் வாசல் நெடுஞ்சாலை 9-ல். மேப்பில் பார்க்கின் பேரை மட்டும் போட்டுவிட்டுத் தவறான வாசலில் போய் நிற்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். கேம்ப்கிரவுண்ட் பகுதி ஒரு காலத்தில் கடலடியாக இருந்த மணல் மேடு. அங்கே பைனும் ஓக்கும்தான் அதிகம். வானுயர்ந்த மரங்களைப் பார்க்க மறு வாசலுக்குப் போக வேண்டும். அங்கே முக்கால் மைலுக்குக் கொஞ்சம் மேல் நீளமுள்ள ஒரு வட்டப்பாதை இருக்கிறது. முழுக்கச் சமதளம். உங்கள் மாமியார் ஒரு கைத்தடியோடு, அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து நடந்துவிடலாம். அங்கே நிற்கும் மிக உயரமான மரம் 277 அடி சுமார். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு மேல் வயதான மரங்கள் அங்கே நிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட அந்த மரம் உயரம் என்று சொன்னபோது என் அம்மா நம்பவில்லை. கழுத்தை அண்ணாந்து வெகு நேரம் நின்றுவிட்டுப் பட்டையில் கை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வேறு இடங்களும் உண்டு. காபிடோலாவில் நியூ பிரைட்டன் கடலுக்கு மேலே மேட்டில் இருக்கிறது, குழந்தைகளுக்கு மணல் வேண்டும் என்றால் அது. ஆனால் கீழே இறங்கப் படிக்கட்டு. ஹாஃப் மூன் பே கிட்டத்தில்தான், ஆனால் மறைவே இல்லாத காற்று. மரின் பக்கம் சாமுவேல் பி. டெய்லர் அழகான ஓடைக்கரை. ஃபைஃபர் பிக் சர் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் நெடுஞ்சாலை 1 நிலச்சரிவால் அடிக்கடி மூடப்படும், முதல் பயணத்தை அதை நம்பி வைக்க வேண்டாம். பிக் பேசின்தான் கலிஃபோர்னியாவின் மிகப் பழைய ஸ்டேட் பார்க், 1902-ல் தொடங்கியது. 2020 ஆகஸ்ட் தீயில் கிட்டத்தட்ட முழுவதும் எரிந்தது. 2022 ஜூலையில் பகல் வருகைக்கு மட்டும் மறுபடி திறந்தார்கள். கருகிய மரங்களில் பச்சைத் துளிர் மொசுமொசுவென்று கிளம்பியிருப்பதைப் பார்க்க ஒரு நாள் குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். டென்ட்டுக்கு வேறு இடம்.

பார்க்கைவிட முக்கியம் சைட் எண். இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரே பார்க்கில் ஒரு சைட் சொர்க்கமாகவும் அடுத்தது சரிவாகவும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது பாத்ரூமிலிருந்து ஐம்பது அறுபது அடி தள்ளி உள்ள, தரை சமமான, எதிரெதிரே அல்லது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சைட்டுகள். பாத்ரூமுக்கு நேர் எதிரே வேண்டாம். இரவு முழுக்கக் கதவுச் சத்தமும் விளக்கு வெளிச்சமும் டென்ட்டுக்குள் வரும். நூறு தப்படிக்கு மேலும் வேண்டாம், மாமியாருக்கு ராத்திரி இரண்டு முறையாவது எழுந்திருக்க வேண்டியிருக்கும். தளத்தில் உள்ள வரைபடத்தில் இதை ஓரளவு பார்க்கலாம். அதைவிட நல்ல வழி, முன்னதாக ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பார்ப்பது. 2022 முதல் கலிஃபோர்னியா பொது நூலகங்களில் ஸ்டேட் பார்க் பாஸைப் புத்தகம் எடுப்பது போலவே எடுக்கலாம். பகல் நேர நுழைவுக்கு ஒரு காருக்கு இலவசம். உங்கள் நூலகத்தில் கேட்டு வாங்கி, குழந்தைகளோடு ஒரு நாள் பிக்னிக் மாதிரி போய், வாசலில் ரேஞ்சரிடம் (பார்க் காவலர்) சொல்லிவிட்டு கேம்ப்கிரவுண்டில் நடந்து பாருங்கள். பிடித்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே மாமியாருக்கும் இடம் எப்படி என்று தெரிந்துவிடும்.

இப்போது பொருட்கள். எல்லாவற்றையும் வாங்காதீர்கள். டென்ட், படுக்கைப் பை, மெத்தை எல்லாம் ஆர்.இ.ஐ. போன்ற கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். நண்பர்கள் யாராவது கராஜில் வைத்திருப்பார்கள். ஒரு பயணம் போய்வந்த பிறகுதான் உங்களுக்கு எது தேவை என்றே தெரியும். டென்ட் மேல் ஆறு பேர் என்று போட்டிருந்தால் நான்கு பேர் என்று படியுங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் அதை வீட்டுப் புல்வெளியிலோ பக்கத்துப் பூங்காவிலோ ஒரு முறை போட்டுப் பாருங்கள். இருட்டில், பசித்த குழந்தைகளை வைத்துக்கொண்டு, எந்தக் கம்பி எந்தத் துளையில் போகும் என்று தேடுவது கணவன் மனைவி உறவுக்கு நல்லதில்லை.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஃப்ரீமான்ட்டில் பகல் 30 டிகிரி செல்சியஸ் என்பதை வைத்துக் கிளம்பிவிடுவோம். மலையில் மரத்தடியில் ஜூலையிலும் இரவு 10 டிகிரி வரை இறங்கும். அந்தக் குளிர் மேலிருந்து வராது, தரையிலிருந்து வரும். எங்கள் முதல் பயணத்தில் விருந்தினருக்கு வைத்திருந்த பெரிய காற்று மெத்தையைக் கொண்டு போனோம். பஞ்சு மாதிரி இருந்தது, பதினொரு மணி வரை. இரண்டு மணிக்கு எழுந்தபோது முதுகு ஐஸ் பெட்டி மேல் வைத்த மாதிரி இருந்தது. மெத்தைக்குள் இருக்கும் காற்று தரையின் குளிரை வாங்கி உடம்புக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் பயன் இல்லை. அன்றைக்குக் கார் மிதியடிகளையும் குழந்தைகளின் துண்டுகளையும் எடுத்து வந்து மெத்தைக்கு மேலே விரித்துத்தான் விடியும் வரை சமாளித்தோம். ஆகவே ஒவ்வொருவருக்கும் அடியில் கேம்பிங்குக்கென்று விற்கும் ஃபோம் பேட் வையுங்கள். காற்று மெத்தைதான் இருக்கிறதென்றால் அதன் மேல் ஒரு கனத்த கம்பளியை விரித்துவிட்டுப் படுங்கள். படுக்கைப் பையின் மேல் 40, 20 என்று ஃபாரன்ஹீட்டில் ஓர் எண் போட்டிருக்கும். அது பெரும்பாலும் சுகமாகத் தூங்கும் அளவு அல்ல, தாங்கக்கூடிய எல்லை. உங்கள் மாமியாருக்கும் குழந்தைகளுக்கும் 20 என்று போட்டதை எடுங்கள்.

ஒன்றை எழுத்துக்கு எழுத்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிருகிறதே என்று கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ எந்தக் காரணத்துக்கும் டென்ட்டுக்குள் கொண்டு போகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டு போய்விடும். குளிருக்கு வெந்நீர்ப் பை இருக்கிறது, குல்லா இருக்கிறது, இரண்டு ஜோடி காலுறை இருக்கிறது. டென்ட்டின் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். முழுக்க மூடினால் மூச்சுக்காற்று உள்கூரையில் நீராகப் படிந்து சொட்டும். வெளிக்கூரையையும் வானம் தெளிவாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு முறை மழை என்று பதறி எழுந்தேன். வெளியே வந்து பார்த்தால் மழை இல்லை, மூடுபனி ரெட்வுட் இலைகளில் படிந்து மரம்தான் சொட்டிக்கொண்டிருந்தது. கோடையில் மழையே பெய்யாத அந்தக் காட்டில் மரங்கள் தண்ணீர் குடிக்கும் வழிகளில் அதுவும் ஒன்று.

மாமியாருக்குத் தரையில் படுக்கை வேண்டாம். மடக்குக் கட்டில் கிடைக்கிறது. அதில் உட்கார்ந்து எழுந்திருக்கலாம், முட்டியை மடக்க வேண்டியதில்லை. அதன் மேலும் ஃபோம் பேட் விரிக்க வேண்டும், கட்டிலுக்கு அடியிலும் குளிர்காற்று ஓடும். கைப்பிடி உள்ள நாற்காலி, அவருக்கென்று தலையில் மாட்டும் விளக்கு ஒன்று, ஃப்ளாஸ்க்கில் வெந்நீர், மாத்திரைகள் கைக்கெட்டும் இடத்தில். இன்சுலின் போடுபவராக இருந்தால் ஐஸ் பெட்டியில் தனி டப்பாவில், ஐஸ் நேரடியாகப் படாமல் வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவருக்குத் தயக்கம் இருந்தால் சான்டா குரூஸில் ஒரு மோட்டல் அறை போட்டுவிடுங்கள். இரவு நீங்களோ உங்கள் கணவரோ அவரோடு அங்கே படுத்துவிட்டுக் காலையில் வந்துவிடலாம். அதில் ஒரு குறையும் இல்லை. என் அம்மா முதல் வருடம் அப்படித்தான் வந்தார், இரண்டாம் வருடம் அவரே டென்ட்டில் படுக்கிறேன் என்றார்.

சாப்பாட்டில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள், அதனால் கூடுதலாகச் செய்துவிடுவார்கள். முதல் இரவு சமைக்காதீர்கள். வீட்டிலிருந்தே புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். டென்ட் போட்டு முடிக்கும்போது எல்லோருக்கும் கொலைப்பசியாக இருக்கும், டப்பாவைத் திறந்தால் சாப்பாடு. மறுநாள் காலை தோசை. மாவை உயரமான டப்பாவில் பாதி அளவுக்கு மட்டும் ஊற்றி ஐஸ் பெட்டியின் அடியில் வையுங்கள். பாதிக்கு மேல் ஊற்றினால் பொங்கி வழிந்து பெட்டி முழுக்கப் புளித்த வாசனை. இரும்புக் கல்லை மறக்காதீர்கள், காட்டுக் குளிரில் அதில் வார்க்கிற முறுகல் தோசைக்கு ஈடு கிடையாது. டிகாக்‌ஷனை வீட்டிலேயே இறக்கி பாட்டிலில் எடுத்துப் போனால் விடிந்ததும் பால் காய்ச்சினால் போதும். காய்களையெல்லாம் நறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு போதுமானது, ஆனால் ஒரு பவுண்டு சிலிண்டர் இரண்டு பர்னரும் முழுத் தீயில் எரிந்தால் ஒரு மணி நேரம்தான் வரும். ஒன்பது பேருக்கு மூன்று சிலிண்டராவது வேண்டும். குக்கர் கொண்டு போகலாம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அமைதி நேரம், அதற்குப் பிறகும் கொஞ்சம் பொறுத்து எட்டு மணிக்கு மேல் விசில் வைத்தால் பக்கத்து சைட்காரர்கள் வாழ்த்துவார்கள்.

பாத்திரத்தைக் குடிநீர்க் குழாயடியில் கழுவக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கழுவி, அந்தத் தண்ணீரை எங்கே கொட்ட வேண்டும் என்று கேம்ப் ஹோஸ்டைக் கேளுங்கள். கேம்ப் ஹோஸ்ட் என்பவர் கேம்ப்கிரவுண்டிலேயே தங்கி உதவும் தன்னார்வலர். பெரும்பாலும் வாசலுக்குப் பக்கத்தில் அவருடைய வண்டி நிற்கும். போனதும் அவரிடம் போய் ஒரு வணக்கம் சொல்லிவையுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதை உங்கள் மாமியாரிடம் தயவுசெய்து பக்குவமாகச் சொல்லுங்கள். போர்ட்டோலா ரெட்வுட்ஸ் பார்க்கில் ஒரு காலை, சாப்பாட்டுக்கு முன் என் அம்மா ஒரு பிடி தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு ஒரு வெட்டுமரத்தை நோக்கிப் போனார்.

"காக்காய்க்கு ஒரு வாய் வெச்சுட்டு வரேன்டா."

"அம்மா, இங்க வைக்கக் கூடாதும்மா."

"ஏன், இங்க மட்டும் அதுங்களுக்குப் பசிக்காதா?"

சொல்லி முடிப்பதற்குள் நீல உடம்பும் கறுப்புக் கொண்டையுமாக ஒரு ஸ்டெல்லர்ஸ் ஜே மேஜை விளிம்பில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அம்மாவின் கையையே பார்த்தது. அதைக் காட்டித்தான் விளக்கினேன். மார்பிள்ட் மர்லெட் என்று ஒரு கடற்பறவை. நாளெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, மைல் கணக்காகப் பறந்து வந்து இந்தக் கிழட்டு ரெட்வுட்களின் அகலமான கிளைகளில் முட்டையிடுகிறது. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. அது எங்கே கூடு வைக்கிறது என்பதே வெகுகாலம் யாருக்கும் தெரியாமல் இருந்து, 1974-ல்தான் பிக் பேசினில் ஒரு மரத்தின் உயரமான கிளையில் கண்டுபிடித்தார்கள். நாம் சிந்தும் சோற்றுக்கும் சிப்ஸுக்கும் ஜேயும் அண்டங்காக்கையும் கேம்ப்கிரவுண்டைச் சுற்றிப் பெருகுகின்றன. பெருகியவை மேலே போய் அந்த ஒற்றை முட்டையைத் தின்றுவிடுகின்றன. அதனால்தான் இந்த மலைப் பார்க்குகளில் ஒரு பருக்கையும் சிந்தாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தப் பிடியை டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டு, குழந்தைகள் சாப்பிட்ட இடத்தைக் குனிந்து குனிந்து பொறுக்கினார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அது பாட்டி வேலை. சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கு ஒரு ஈரத்துணி, மேஜைக்கு அடியில் ஒரு பார்வை.

இரவில் அதே வேலையை ரக்கூன் செய்யும். சாதாரண ஐஸ் பெட்டியின் கொக்கியை அது குழந்தையைவிட எளிதாகத் திறக்கும். சாப்பாடு, குப்பை, பற்பசை, வாசனை உள்ள எதுவும் படுக்கப் போகும் முன் சைட்டில் இருக்கும் பெட்டிக்குள். டென்ட்டுக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட வேண்டாம். இந்தக் கடலோர மலையில் கரடிக் கவலை இல்லை. அடுத்த வருடம் டாஹோ ஏரிப் பக்கம் போனால் உண்டு, அங்கே இந்தப் பழக்கம் கட்டாயம்.

கேம்ப்ஃபயர் இல்லாமல் குழந்தைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள், மரத்தைக் கொல்லும் பூச்சிகளும் நோய்களும் விறகில் ஏறித்தான் ஊர் விட்டு ஊர் போகின்றன. காட்டில் கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கவும் அனுமதி இல்லை. பார்க் வாசலிலோ ஃபெல்டன் கடையிலோ கட்டாக வாங்குங்கள். நெருப்பு வளையத்துக்குள் மட்டும், முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல். படுக்கும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கையை மேலே பிடித்தால் சூடே தெரியக் கூடாது. தீ அபாயம் கூடிய நாட்களில் விறகு நெருப்புக்கே தடை போடுவார்கள். கிளம்பும் நாள் காலை பார்க்கின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் சைவமாக இருந்தால் ஒரு தகவல், கடையில் விற்கும் மார்ஷ்மெல்லோ பெரும்பாலும் ஜெலட்டின் சேர்த்தது, அது மாடு அல்லது பன்றியிலிருந்து வருவது. சைவ மார்ஷ்மெல்லோ தனியாகக் கேட்டு வாங்கலாம். எங்கள் வீட்டில் சோளம்தான். தணலில் வாட்டி எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்தால் மெரினா சுண்டல் கடை ஞாபகம் பெரியவர்களுக்கும் வந்துவிடும்.

குழந்தைகளுக்கு ஒன்றே ஒன்றை முன்கூட்டியே கற்றுக்கொடுங்கள், பாய்சன் ஓக். மூன்று மூன்றாக இலை, பளபளப்பாக, சில மாதங்களில் சிவந்து அழகாக இருக்கும். தொட்டால் ஒட்டும் எண்ணெய் இரண்டு வாரம் அரிக்க வைக்கும். படத்தைக் காட்டி, பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், உடுப்பையும் தனியாக வையுங்கள். மாலையில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று காது, அக்குள், முழங்கால் மடிப்பெல்லாம் பார்த்துவிடுங்கள். ரேஞ்சர்கள் கோடையில் 7 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் நிகழ்ச்சி நடத்துவார்கள். அறிவிப்புப் பலகையில் நேரம் போட்டிருக்கும், தவறவிடாதீர்கள்.

நாள் இப்படிப் போகட்டும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் கிளம்பிவிடுங்கள், அதற்கு மேல் நெடுஞ்சாலை 17-ல் கடற்கரைக்குப் போகும் கார்களோடு ஊர்ந்துகொண்டே போக வேண்டும். வளைவுப் பாதையில் யாருக்காவது வாந்தி வரும் என்றால் எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். நேராக நெடுஞ்சாலை 9 வாசல், ரெட்வுட் வட்டப்பாதை, மதியச் சாப்பாடு. பக்கத்திலேயே ரோரிங் கேம்ப்பில் நீராவி ரயில் ஓடுகிறது, குழந்தைகள் கேட்டால் அதையும் பார்க்கலாம். மாலை 4 மணிக்குள் கேம்ப்கிரவுண்ட். 2 மணிக்கே சைட்டைக் கொடுத்துவிடுவார்கள். வெளிச்சம் இருக்கும்போதே டென்ட், படுக்கை, எல்லோருடைய விளக்கும் அவரவர் கழுத்தில். பிறகு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இருட்டுவதற்கு முன்பு ஒரு முறை பாத்ரூமுக்கு நடந்து காட்டுங்கள். இருட்டிய பிறகு அதே வழியில் விளக்கோடு இன்னொரு முறை. பாதி ராத்திரி பயத்தில் பாதி அந்த இரண்டு நடையில் போய்விடும். திங்கள் முழுக்க எங்கும் போகாதீர்கள், கேம்ப்கிரவுண்டிலிருந்தே மணல் பாதையில் ஏறினால் வரும் பார்வை மேடையைத் தவிர. மூடுபனி இல்லாத நாளில் அங்கிருந்து மான்டரே வளைகுடா வரை தெரியும். மாமியார் கீழேயே நாற்காலியில் இருக்கட்டும், அவரோடு ஒருவர்.

செவ்வாய் நண்பகலுக்குள் சைட்டைக் காலி செய்ய வேண்டும். டென்ட் கண்டிப்பாக ஈரமாகத்தான் இருக்கும், அவசரமாகச் சுருட்டிக் காரில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அசதியில் அதை அப்படியே கராஜில் போட்டுவிடாதீர்கள், நான்கே நாளில் பூஞ்சை பிடித்து நாற்றம் எடுத்துவிடும். வாடகை டென்ட்டாக இருந்தாலும் அன்றே பால்கனியிலோ கொல்லைப்புறத்திலோ விரித்து, இரு பக்கமும் வெயில் படக் காய வைத்து, மணலை உதறி, ஆணிகளை எண்ணிப் பையில் போட்டு, பிறகு மடியுங்கள்.